படி இருக்கு, பாத்து

பதினொரு பேரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்கு ஒரு சாண் மேலே, அவளுக்குப் பின்னால் நிற்கும் யாரோ உயரமான ஆளின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெலியா முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்கள் கைடின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கும்: கூரையை, அணிலை, பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை தன் பிள்ளையைவிடக் கெட்டிக்காரனாகத் தெரிகிறானா என்பதை. மூன்றாம் வருட மாணவியான அவளுக்கு இது நூற்று நாற்பத்திரண்டாவது சுற்று. நவம்பர் வெள்ளிக்கிழமை, அன்றைய கடைசிக் குழு. வெர்மான்ட்டில் அந்த மாதம் சூரியன் நாலேகாலுக்கே கடையைக் கட்டிவிடும். குளத்திலிருந்து எழுந்த மூடுபனி புல்வெளியைத் தாண்டி நடைபாதையின் ஓரம் வரை வந்து, வரிசையில் நிற்பதுபோல் பொறுமையாக நின்றது.

பென்ஹாலோ கல்லூரியில் கைடுகள் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். விருந்தினருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது அட்மிஷன் அலுவலகத்தின் முதல் விதி. பனிப்பொழிவைப் பற்றி யாராவது கேட்டால் சிரிக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஆகஸ்டில் காலி பார்க்கிங் மைதானத்தில் இரண்டு வாரம் பயிற்சி நடக்கும். இருபது மாணவர்கள் யாருமில்லாத வெளியைப் பார்த்துப் புன்னகைத்தபடி பின்னால் பின்னால் போவதை, நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும். சுற்று தொடங்கும்போதே அவள் அதைக் கேட்டுக்கொள்வாள்: "எனக்குப் பின்னாடி கண்ணு இல்ல. நீங்கதான் என் கண்ணு. படி, கம்பம், சைக்கிள் எது வந்தாலும் சொல்லிடுங்க." போன வருஷம் ஒரு குழு சொல்ல மறந்ததில் ஒரு கைடு நீரூற்றுக்குள் விழுந்தான். அந்த வருஷம் விண்ணப்பங்கள் கூடின.

இன்றைய பதினொரு பேரில் ஒருவன் அவள் தம்பி வெஸ்லி. பதினேழு வயது, பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர், வாசலை அடைக்கும் உடம்பு. நெஞ்சில் ஒட்டும் பெயர்ச் சீட்டில் 'லாரன்ஸ்' என்று பொய்ப் பெயர் எழுதிக்கொண்டு, அக்காவை யாரென்றே தெரியாத பாவனையில் கூட்டத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்தான். கல்லூரியே வேண்டாம், மாமாவின் கடையில் பனிவண்டி பழுது பார்க்கப் போகிறேன் என்று அவன் அறிவித்து ஒரு மாதமாகிறது. அம்மா பார்க்கிங்கில், காருக்குள், நாயோடு காத்திருந்தாள். சுற்று தொடங்கும் முன் கண்ணாடியை இறக்கி டெலியாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு இந்த இடம் புடிக்கிற மாதிரி பண்ணிடும்மா. முடியலைன்னா பரவால்ல. நாலரைக்கு முழுசா கொண்டாந்து வண்டில ஏத்திவிடு, போதும்."

நூலகம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக என்றால், வெஸ்லி ஒரு வரியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"இங்க பதினாலு மாணவருக்கு ஒரு பேராசிரியர்" என்றாள் டெலியா. அப்படி ஒரு வகுப்பை அவளும் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"அந்த ஒருத்தர் எங்க மேடம், ஒளிஞ்சு விளையாடுறாரா?" என்றான் லாரன்ஸ்.

"பரீட்சை சமயத்துல மன அழுத்தம் குறைய நாய்க்குட்டிங்களக் கூட்டிட்டு வருவோம்."

"நாய்க்கு யாரு அழுத்தத்தக் குறைப்பாங்க?"

ஒஹையோவிலிருந்து மகளோடு வந்திருந்த ஹாஸ்கெல் என்ற அகலமான மனிதர் குலுங்கிச் சிரித்தார். குறிப்பேடும் மூன்று நிறப் பேனாவுமாக வந்திருந்த திருமதி ஓக்லி வெஸ்லியைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். டெலியா புன்னகையை மாற்றாமல், வீட்டுக்குப் போனதும் இவனைக் கொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனாள். வளாகம் முழுக்க நிற்கும் நீல விளக்குக் கம்பங்கள். எந்த ஒன்றின் அருகில் நின்றாலும் அடுத்தது கண்ணுக்குத் தெரியும். ஆபத்து என்றால் பொத்தானை அமுக்கினால் போதும், மூன்று நிமிடத்தில் காவலர் வந்துவிடுவார். இந்த வரி அம்மாக்களுக்கு எப்போதும் பிடிக்கும்.

"படி இருக்கு, பாத்து" என்றார் ஹாஸ்கெல்.

டெலியா நின்றாள். குதிகாலால் பின்னால் துழாவினாள். ஈர இலைகள்தான் இருந்தன. நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஆறாவது அடியில் குதிகால் படியில் இடித்தது.

தூரப்பார்வைக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தாள். நூலகத்திலிருந்து ஏம்ஸ் விடுதி வரை பின்னோக்கி இருநூற்று ஆறு அடி. வழியில் இரண்டு படி, ஒரு கம்பம், ஒரு வடிகால் மூடி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் அடுத்து வந்த கம்பத்தைத் திருமதி ஓக்லி ஐந்து அடி முன்னாலேயே சொன்னாள். சொல்லும்போது அவள் டெலியாவைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எல்லோருடைய கண்களும் எங்கே இருக்கின்றன என்பதை டெலியா கவனித்தாள்.

திரும்பிப் பார்த்தாள். அது விதியை மீறுவதுதான், இருந்தாலும் பார்த்தாள். காலியான நடைபாதை, மேப்பிள் இலைகள் ஒட்டிய கல்தரை, பனிக்குள் கலங்கிய ஒரு நீல விளக்கு, அதற்கப்பால் ஏம்ஸ் விடுதியின் மூன்று வரிசை ஜன்னல்கள். யாருமில்லை. ஒரு மணம் மட்டும் இருந்தது. குளிர்காலத்தில் முதல் நாள் அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாயைத் திறக்கும்போது, கோடை முழுவதும் அதன்மேல் படிந்த தூசி கருகும் மணம். மூடிய அறைக்குள் வர வேண்டிய மணம், வெட்டவெளியில் வந்தது.

மறுபடி குழுவின் பக்கம் திரும்பினாள். கண்கள் அதே இடத்தில் இருந்தன. தோளுக்கு ஒரு சாண் மேலே. இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்து பார்த்தாள். கண்கள் நகரவில்லை. வலப்பக்கம் நகர்ந்தாள். நகரவில்லை. அவள் குறுக்கே வந்து மறைக்கும்போது மட்டும், சினிமாக் கொட்டகையில் முன்வரிசை ஆள் எழுந்து நின்றால் செய்வதுபோல, ஹாஸ்கெல் மரியாதையாகக் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தார்.

பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

டெலியா எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நின்ற நல்ல சிரிப்பு. வெஸ்லியும் சிரித்தான். இகழ்ச்சிச் சிரிப்பு இல்லை. சின்ன வயதில் அப்பா காதை ஆட்டிக் காட்டும்போது சிரிப்பானே, அது.

அதற்குப் பிறகு அவன் கிண்டல் செய்யவில்லை. நடுவில் எத்தனை நேரம் போனதென்று டெலியாவுக்குத் தெரியவில்லை. அவள் தேர்வு அறைகளைப் பற்றிச் சொன்னாள், அவன் வாய் திறக்கவில்லை. குளத்தில் படகு விடலாம் என்றாள், அமைதி. கடைசியில் வேண்டுமென்றே தூண்டில் போட்டாள்.

"எங்க சாப்பாட்டுக் கூடத்துல பூசணி சூப் ரொம்பப் பிரபலம். வாரத்துல ஆறு நாள் குடுப்பாங்க."

வெஸ்லி தலையாட்டினான். அவள் சொன்னதற்கு அல்ல. தோளுக்கு மேலே இருந்து வந்த ஏதோ ஒன்றுக்கு, மெதுவாக, கவனமாக, புரிந்தது என்பதுபோல் தலையாட்டினான். பிறந்ததிலிருந்து அவன் யாருக்கும் அப்படித் தலையாட்டி அவள் பார்த்ததில்லை.

"அங்க மேல எத்தன பேர் இருக்காங்க இப்ப?" என்று ஹாஸ்கெல் கேட்டார். அவளிடம் கேட்கவில்லை. கொஞ்சம் காத்திருந்தார். புருவங்கள் உயர்ந்தன. "அடேயப்பா. எல்லாரும் இங்கயே தங்கிட்டாங்களா? நல்லது, நல்லது."

"சார்" என்றாள் டெலியா. "யாருகிட்ட பேசுறீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. திருமதி ஓக்லி வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். டெலியா நடையை நிறுத்தாமல், கழுத்தை நீட்டிக் குறிப்பேட்டைத் தலைகீழாகப் படித்தாள். பச்சை மையில்: ஏம்ஸ், நான்காம் மாடி. தனி அறை. கட்டில் உண்டு. கதவை வெளியிலிருந்து அவர்களே சாத்திக்கொள்வார்கள். 'அவர்களே' என்பதற்கு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.

ஏம்ஸ் விடுதிக்கு மூன்று மாடிதான்.

இடப்பக்கம் பார்க்கிங்குக்குப் போகும் கிளைப்பாதை வந்தது. டெலியா கையை உயர்த்தினாள். "இன்னிக்கு இருட்டிடுச்சு. விடுதிய விட்டுட்டு இப்படியே கார் பக்கம் போயிடலாம், வாங்க." குரல் நன்றாகத்தான் வந்தது. பத்து அடி அந்தப் பாதையில் பின்னோக்கி நடந்தாள். ஒருவரும் வரவில்லை. பதினொரு பேரும் வளைவைத் தாண்டி நேராக நடந்துகொண்டிருந்தார்கள். வயதான அத்தையைக் கடந்து போகும் கல்யாணக் கூட்டம்போல.

ஓடி வந்து வெஸ்லியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெஸ். போதும்டா விளையாட்டு. அம்மா காத்துட்டிருக்கா."

"ஒரு நிமிஷம்" என்றான். குரல் கனிவாக இருந்தது. "முக்கியமான இடத்துல இருக்காங்க."

"யாரு?"

அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். சுவரைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அவன் நடந்தான், அவளும் கூடவே இழுபட்டாள். பிடிவாதம் பிடிக்கும் குழந்தையை இழுத்துப் போவதுபோல் அவள் காலணிகள் இலைகளில் தேய்ந்தன.

நீல விளக்கு. கையை விட்டுவிட்டு ஓடினாள். பொத்தானை அமுக்கினாள்.

"காவல் அறை" என்றது ஒரு தூக்கக் குரல்.

"நான் டெலியா, கடைசி டூர். ஏம்ஸுக்கு முன்னாடி இருக்கேன். என் குழு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

"அது தினமும் நடக்குறதுதானேம்மா."

"சார், ப்ளீஸ். கேமராவுல பாருங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "ம்ம். இருக்கீங்க. நீ நிக்கிற. அவங்க போறாங்க. இன்னிக்கு ரெண்டு கைடா?"

"நான் மட்டும்தான்."

"அப்ப அந்த உயரமா இருக்கிறது?"

"எங்க நிக்குது?"

மறுபடி விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு குரல் மாறியிருந்தது, தூக்கம் போயிருந்தது. "கேமரா கோளாறா இருக்கும். நீ அங்கயே நில்லும்மா. மூணு நிமிஷத்துல வந்துடுறேன்."

அங்கேயே நிற்க முடியாது. வெஸ்லி போய்க்கொண்டிருந்தான். டெலியா ஓடி, குழுவைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். கைகளை விரித்தாள். அவர்கள் நிற்கவில்லை. நெஞ்சுக்கு நெஞ்சு மோதும் தூரம் வந்தார்கள். அவள் கால்கள், நூற்று நாற்பத்தொரு முறை செய்ததை, கேட்காமலே செய்தன. பின்னோக்கி நடந்தாள். தம்பியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. என்னைப் பார். ஒரு தடவை. என்னைப் பார்.

"மூடி இருக்கு, வழுக்கும்" என்றாள் ஹாஸ்கெல்லின் மகள்.

ஒன்று. இரண்டு. மூன்று. குதிகாலின் கீழே வடிகால் மூடி இரும்பாக ஒலித்தது.

அப்போது புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். ஆறு அடி, ஐந்து அடி, மூன்று அடி. அவர்கள் அவளுக்குச் சொல்லவே இல்லை. வழியில் அவளுக்கு முன்பே போகும் இன்னொரு கைடுக்குச் சொல்கிறார்கள். அது படியை அடையும்போது படி என்கிறார்கள். அவள் பிறகு அதே படிக்கு வருகிறாள். அது அவளைப்போலவே பின்னோக்கி, அவர்களைப் பார்த்தபடி நடக்கிறது. அப்படியென்றால் அதன் முகம் அவள் பிடரியைப் பார்த்து இருக்கிறது.

அதன் நடை மெதுவாகிக்கொண்டிருக்கிறது.

தூசி கருகும் மணம் கனத்தது. பின்கழுத்தில் வெதுவெதுப்பு. மூச்சு இல்லை. மூச்சானால் வந்து வந்து போகும். இது விடாமல் இருந்தது.

"படி இருக்கு, பாத்து" என்றார் ஹாஸ்கெல், அன்பாக.

ஒன்று.

குதிகால் இடித்தது. ஏம்ஸ் விடுதியின் வாசற்படி. பின்னோக்கியே அதில் ஏறினாள்.

அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. பூட்டில் அடையாள அட்டை தேய்க்கும் ஒலி கேட்கவில்லை. சூடான காற்று அவள் தலைமுடியை இரண்டு பக்கமும் முன்னால் தள்ளியது. உள்ளே எங்கோ குழாய்கள் டொக், டொக் என்றன. குழு இரண்டாகப் பிரிந்து, அவளைத் தூணைச் சுற்றுவதுபோல் சுற்றி உள்ளே போனது. ஒவ்வொருவரும் போகிறபோக்கில் அவள் தோளுக்கு மேலே பார்த்து நன்றி சொன்னார்கள். ஹாஸ்கெல் தொப்பியைக் கழற்றினார்.

கடைசியில் வெஸ்லி.

அவள் அவன் ஜாக்கெட்டை இரண்டு கைகளாலும் பற்றினாள். முகத்தை அவன் நெஞ்சில் அழுத்தினாள். ஹாக்கிப் பையின் வாடை, நாயின் வாடை, வீட்டு வாடை. "வெஸ், போகாதடா. பனிவண்டி ரிப்பேர் பண்ணு. நான் அம்மாகிட்ட சொல்றேன். நான் பேசிக்கிறேன்."

அவன் நின்றான். கண்கள் மேலேயே இருந்தன. உதடு மட்டும் அவள் காதுக்கு மேலே அசைந்தது. மிக மெல்லிய குரல், அவனுடைய சொந்தக் குரல், கிண்டல் ஒரு துளியும் இல்லாமல்.

"படி இருக்கு, பாத்து."

அவளுக்குப் பின்னால் இனி படி எதுவும் இல்லை.

அவள் விரல்களிலிருந்து ஜாக்கெட் நழுவியது. கதவு சாத்திக்கொண்டது. அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி. சிவப்பு. உள்ளங்கையால் அறைந்தாள், பெயர் சொல்லிக் கத்தினாள். கண்ணாடிக்குள் காலியான கூடம், அறிவிப்புப் பலகை, யாரோ மறந்துவிட்ட ஒற்றைக் கையுறை.

மேலே வெளிச்சம் வந்தது. அவள் படியிறங்கி, ஜன்னல்களைப் பார்ப்பதற்காகப் புல்வெளிக்குப் போனாள்.

முதல் வரிசை. இருட்டு. இரண்டாவது வரிசை. இருட்டு. மூன்றாவது. இருட்டு.

நான்காவது வரிசையில் பதினொரு ஜன்னல்கள் எரிந்தன.

ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஹாஸ்கெல். அவர் மகள். குறிப்பேட்டோடு திருமதி ஓக்லி. கடைசி ஜன்னலில் வெஸ்லி, நெஞ்சில் 'லாரன்ஸ்', ஒரு கை கண்ணாடியில் பதிந்திருக்க. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளை அல்ல. இடது தோளுக்கு ஒரு சாண் மேலே.

அப்படியானால் அது உள்ளே போகவில்லை.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஆறு ஆகியிருக்கும். காவலர் வரவில்லை. நீல விளக்கைத் தேடினாள். ஒன்றுகூடத் தெரியவில்லை. பனிக்கு அப்பால், பார்க்கிங் பக்கமிருந்து, அம்மாவின் கார் ஹாரன். ஒரு முறை. பொறுத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் இன்னொரு முறை.

விதியை மீறித் திரும்ப அவள் தயார்தான். திரும்ப முடியவில்லை. கழுத்து வரவில்லை. கால்கள் வந்தன. கேட்காமல். பின்னோக்கி ஓர் அடி.

மேலே பதினொரு வாய்களும் ஒன்றாகத் திறந்து மூடின. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் காலில் ஒன்றும் இடிக்கவில்லை. முதுகு மட்டும், மிக மெதுவாக, எதன்மேலோ சாய்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இடம் கொடுத்து அவளை உள்ளே வாங்கிக்கொண்டது.

பதினொரு பேரும் கண்களைத் தாழ்த்தினார்கள். ஒரு சாண். அன்று மாலை முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

டெலியா எதுவும் பேசவில்லை. வாயைத் திறக்கவே இல்லை.

வெஸ்லி அவளைப் பார்த்து, மெதுவாக, கவனமாக, புரிந்தது என்பதுபோல் தலையாட்டினான்.